கட்டியவரும் கடல் கடக்கட்டும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ராயபுரத்தில் பிறந்தவர்களுக்குக் கப்பல் ஒரு வேடிக்கைப் பொருள் அன்று. இரவில் அதன் சங்கொலியைக் கேட்டுத்தான் நாங்கள் தூங்குகிறோம். எங்கள் வகுப்பறையின் கடைசிச் சன்னலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களின் தலைகள் தெரியும். கணக்கு வகுப்பில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்து அகப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. வடக்கே எண்ணூரில் காமராசர் துறைமுகத்தில் புத்தம் புதுக் கார்கள் வரிசையாக நின்று கப்பலேறுகின்றன. பொருள்கள் போகின்றன. பொறியியல் படித்த அண்ணன்மார் விமானத்தில் போகிறார்கள். எங்கள் தெருவிலிருந்து வெல்டிங் வேலைக்கும் குழாய் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் பலர். ஆனால் தன் கைத்தொழிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வருவதற்காக ஒரு தச்சரோ, நெசவாளரோ, கூடை பின்னும் பெண்ணோ கடல் கடந்தார் என்று நம் பகுதியில் நான் கேள்விப்பட்டதில்லை. கூலிக்குப் போகலாம், கற்கப் போகக் கூடாது என்று யாரோ எழுதி வைத்ததுபோல் இருக்கிறது.

வெளிநாடுகளில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் ஓவியர், வடிவமைப்பாளர் போன்றோரை அழைத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ தங்க வைக்கின்றன. தங்க அறை, வேலை செய்ய ஒரு பட்டறை, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் கொடுக்கின்றன. விற்பனைக்குப் பொருள் செய்து தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்க்கலாம், கேட்கலாம், செய்து பார்க்கலாம், தவறும் செய்யலாம். இதற்கு 'ரெசிடென்சி' என்று பெயர். நான் 'தங்கிக் கற்றல்' என்றே எழுதப் போகிறேன். நம் நாட்டில் வடிவமைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு இத்தகைய வாய்ப்புகள் கிடைக்கின்றன. 1981ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை, கலைத் துறையிலும் மரபுச் சின்னங்களைக் காக்கும் துறையிலும் உள்ள இந்தியர்கள் பிரிட்டனுக்குச் செல்ல உதவி வருகிறது. இவையெல்லாம் மிகவும் நல்லவை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கப்பலை வரைபவர் போகிறார். கப்பலைக் கட்டுபவர் ஏன் போவதில்லை?

இந்தக் கேள்வி என் மனத்தில் விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்வழித் தாத்தா காசிமேட்டில் படகு கட்டும் தச்சர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மரப் படகுகள் கட்டியவர். வரைபடம் என்று ஒன்று அவரிடம் இருந்ததே இல்லை. ஏராவைப் போட்டு (படகின் முதுகெலும்பு போன்ற அடிமரம் அது), வங்குகளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு பார்வை பார்ப்பார். "இடப்பக்கம் ஒரு விரற்கடை தூக்கல்" என்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். வங்குக்கு வேண்டிய வளைவை மரத்தை அறுத்து உண்டாக்க மாட்டார். கருவேல மரத்தில் தானாகவே அப்படி வளைந்த கிளையைத் தேடிப் பிடிப்பார். அறுத்து உண்டாக்கிய வளைவு அலை மோதும்போது உடையும், வளர்ந்து உண்டான வளைவு உடையாது என்பது அவர் பாடம்.

அம்மா ஆறாம் வகுப்பில் படித்தபோது மேல்நாட்டு மாணவர் ஒருவர் காசிமேட்டுக்கு வந்து நான்கு மாதம் தங்கினாராம். தினமும் சைக்கிளில் வந்து தாத்தா வேலை செய்யும் இடத்தில் குந்தி உட்கார்ந்து அளப்பார், வரைவார், படம் எடுப்பார். தாத்தாவும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். பாட்டி மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. அழகான தாள். தாத்தா கட்டிய படகு, ஒவ்வொரு பலகையாகப் பிரித்து வரையப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் தாத்தாவின் புகைப்படமும் இருந்தது. கைகள் மட்டும். தலை இல்லை. கீழே, 'சென்னைத் தச்சர் ஒருவர்' என்று பொருள்படும் ஆங்கில வரி. பெயரும் இல்லை.

அந்த மாணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றி மறவாமல் புத்தகம் அனுப்பியவர்தானே. தாத்தாவுக்கும் வருத்தம் இல்லை. அந்தப் புத்தகத்தை இன்றும் வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார். என் வருத்தம் வேறு. அந்த மாணவர் நான்கு மாதம் இங்கே தங்கிக் கற்றதுபோல, என் தாத்தா நான்கு மாதம் அந்த ஊரில் தங்கி அவர்கள் படகு கட்டும் முறையைக் கற்கலாமே என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தாத்தாவுக்கே தோன்றவில்லை.

இது புதிய கதை அன்று. நம் கடற்கரைக்கு நானூறு ஆண்டுகளாகப் பிறர் வந்து தங்கிக் கற்றுப் போகிறார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும், ஆங்கிலேயர் நம் சென்னையில் கோட்டை கட்டியதும் துணி வாங்குவதற்காகத்தான். திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட்பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. துணியை வெளுத்துக் கப்பலேற்றியவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. நாம் பஸ் ஏறி இறங்கும் ஊர்ப் பெயர்களெல்லாம் துணிக் கடையின் பழைய கணக்கேடு போல இருக்கின்றன!

அந்தத் துணிகளில் சிறந்தவை கையால் எழுதிச் சாயமேற்றியவை. பல முறை துவைத்தாலும் சாயம் போகாது. ஐரோப்பியருக்கு அந்த வித்தை தெரியவில்லை. கேர்து என்ற இயேசு சபைக் குரு 1742ஆம் ஆண்டு சோழமண்டலக் கரையிலிருந்து தம் நாட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணியைப் பாலிலும் கடுக்காயிலும் நனைப்பது முதல் சாயவேர் காய்ச்சுவது வரை படிப்படியாக அதில் எழுதினார். யாரிடம் கேட்டு எழுதினார்? அந்தத் தொழில் தெரிந்த, புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நம் மக்களிடம் கேட்டுத்தான். அக்கடிதம் பிரான்சில் அச்சாகிப் பலராலும் படிக்கப்பட்டது. கேர்து அடிகளார் பேரறிஞர். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று முதலில் கண்டவர்களுள் ஒருவர். அவர் செய்தது களவு என்று சொல்ல நான் துணிய மாட்டேன். அவர் எழுதியிராவிட்டால் அந்தச் செய்முறையில் பாதி இன்று நமக்கே தெரிந்திராது. ஆனால் சொல்லிக் கொடுத்த அந்தச் சாயக்காரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தாத்தாவின் படத்தில் தலை இல்லாததுபோலத்தான்.

படகுக்கு வருவோம். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு சென்னைக்கு வந்த கப்பல்கள் நடுக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே இல்லை. பலகையோடு பலகையைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். நம் கரையில் அலை ஓங்கி அடிக்கும். ஆணி அடித்த படகு விறைத்து நின்று பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தப் படகுகளை ஓட்டிய மக்கள் சேர்ந்து எழுப்பியதுதான் நம் இராயப்பர் கோவில். கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட வேறொரு வகைப் படகுக்கு அதைச் சூட்டிவிட்டார்கள். சொல் உலகம் சுற்றி வந்துவிட்டது.

தைத்த படகு என்றதும் நம் நாட்டுக் கைவினைஞர்கள் உண்மையாகவே வெளிநாட்டில் தங்கி ஓர் ஆராய்ச்சியில் பங்கு கொண்ட செய்தி நினைவுக்கு வருகிறது. டிம் செவரின் என்பவர் பழைய அரபுக் கப்பல்கள் சீனம் வரை சென்றது உண்மைதானா என்று சோதிக்க விரும்பினார். ஓமான் நாட்டின் சூர் நகரில், ஓர் ஆணி கூட இல்லாமல் 'சோகார்' என்ற கப்பல் கட்டப்பட்டது. அதைத் தைக்கத் தெரிந்தவர்கள் எங்கே கிடைத்தார்கள்? நம் இலட்சத்தீவில். அவர்கள் ஓமான் சென்று தைத்துக் கொடுத்த கப்பல் 1980ஆம் ஆண்டு புறப்பட்டு 1981இல் சீனத்தின் காண்டன் துறையை அடைந்தது.

பிறகு இன்னொன்று. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, தைத்துக் கட்டிய கப்பல் ஒன்று 1998இல் கடலடியில் கிடைத்தது. அதைப் போலவே ஒரு கப்பலைக் கட்டிப் பார்க்க ஓமானும் சிங்கப்பூரும் முயன்றன. அதற்கு 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்று பொருள்படும் பெயர். ஓமானில் அதைத் தைத்தவர்களுள் கேரளத்திலிருந்து போன கைவினைஞர்கள் இருந்தார்கள். பாபு சங்கரன் என்பவர் அவர்களுக்குத் தலைவர். 2010ஆம் ஆண்டு அக்கப்பல் பாய் விரித்துச் சிங்கப்பூர் சேர்ந்தது.

கேளுங்கள், கதை இங்கே முடியவில்லை. அஜந்தா குகையில் தீட்டப்பட்ட 5ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றை மாதிரியாகக் கொண்டு நம் கடற்படைக்கு ஒரு தையல் கப்பல் கட்ட 2023இல் ஒப்பந்தமாயிற்று. சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது, அவ்வளவுதான். அளவுகள் இல்லை, வரைபடம் இல்லை. கடற்படையினர் வடிவமைப்பைக் கவனித்தார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் அதன் மாதிரியை நீரில் விட்டுச் சோதித்தார்கள். கோவாவில் அதைத் தைத்துக் கட்டிய கைவினைஞர்களுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே பாபு சங்கரன். 'கௌண்டின்யா' என்று பெயரிடப்பட்ட அந்தக் கப்பல் 2025 மே 21ஆம் நாள் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. ஓமானுக்குப் போன கைவினைஞர் அங்கேயே தங்கிவிடவில்லை. வந்தார், வந்த இடத்தில் பேராசிரியர்களோடும் கடற்படைப் பொறியாளர்களோடும் ஒரே வேலையில் நின்றார். 'இவர்களை அனுப்பினால் திரும்பி வர மாட்டார்கள்' என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. நம் சகோதரிகளிலும் சிலர் ரோமாபுரிக்குப் படிக்கப் போகிறார்கள். அவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று யாராவது சொல்கிறோமா? (சில நேரங்களில், தேர்வு நேரத்தில், நாங்கள் அப்படி ஆசைப்படுவதுண்டு. சகோதரிகள் மன்னிக்க.)

இந்தக் கட்டுரையின் முதற்படியைப் படித்த சகோதரி ஒருவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "படித்த வடிவமைப்பாளர் போய்க் கற்று வந்து கைவினைஞருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாதா? செலவும் குறையுமே?" நான் இரண்டு நாள் யோசித்தேன். சமையலை நினைத்துக்கொண்டதும் விடை கிடைத்தது. ஒரு விருந்து வீட்டுக்கு அம்மாவும் நானும் போகிறோம். திரும்பி வந்து நான் "வத்தக்குழம்பு நன்றாக இருந்தது" என்பேன். அம்மா, "வெந்தயத்தை எண்ணெயில் போடாமல் வறுத்துப் பொடித்துக் கடைசியில் போட்டிருக்கிறாள்" என்பாள். இருவரும் உண்டது ஒரே குழம்புதான். செய்பவரின் கண்ணுக்குத் தெரிவது வேறு. நான் போய் வந்து அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தால் குழம்பு என்ன ஆகும்?

சர்தார் குருசரண் சிங் என்பவரின் வாழ்க்கை இதற்குச் சான்று. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அவர் மண்பாண்டக் கலை கற்க ஜப்பான் சென்றார். அங்கே ஹமாதா, பெர்னார்டு லீச் போன்ற பெரும் கலைஞர்களோடு பழகினார். அவர் வெறுமனே பார்த்துவிட்டு வந்திருந்தால் ஒரு புத்தகம் எழுதியிருப்பார். மண்ணைப் பிசையத் தெரிந்தவர் ஆகையால் சூளையோடு திரும்பினார் எனலாம். 1952இல் டில்லியில் அவர் தொடங்கிய 'டெல்லி புளூ' பாண்டத் தொழிற்கூடத்தில் கற்றுத் தேர்ந்தவர்கள் பலர்.

இதுவரை நான் எழுதியதைப் படித்தால், அனுப்பிவிட்டால் போதும், எல்லாம் நன்றாக நடக்கும் என்று நான் நம்புவதாகத் தோன்றும். அப்படி இல்லை. ஒரு துயரத்தையும் எழுதியே ஆக வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் என்ற சிற்றூரில் கோண்டு பழங்குடியில் பிறந்தவர் ஜங்கட் சிங் ஷியாம். வீட்டுச் சுவரில் படம் எழுதிக்கொண்டிருந்த இளைஞரைப் போபாலின் பாரத் பவன் அடையாளம் கண்டது. 1989இல் பாரிஸ் நகரில் நடந்த பெரிய கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. ஜப்பானில் நம் நாட்டு மிதிலை ஓவியங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. புகழ்பெற்ற கங்காதேவி அம்மையார் அங்கே தங்கி ஓவியம் தீட்டியவர். ஜங்கட்டும் அங்கே அழைக்கப்பட்டுத் தங்கி வேலை செய்தார். 2001 ஜூலை மாதத்தில், ஊரிலிருந்து அத்தனை தூரத்தில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் வீடு திரும்ப ஏங்கினார் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. நம் நாட்டுக் கலைஞர்கள் கொதித்து எழுந்தார்கள். வெளிநாடு செல்லும் நாட்டுப்புறக் கலைஞர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அவருடைய ஆன்மாவுக்காக ஒரு செபம் சொல்வதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. தன் மொழி பேசும் ஒரு மனிதர் கூட இல்லாத இடத்துக்கு ஒருவரைத் தனியே அனுப்பி, அவர் எப்போது திரும்பலாம் என்பதை வேறொருவர் கையில் வைப்பது தங்கிக் கற்றல் ஆகாது.

ஆகவே நான் கேட்பது விமானச் சீட்டை மட்டும் அன்று. தமிழ் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். அல்லது இரண்டு கைவினைஞர்களாகச் சேர்ந்து போக வேண்டும். திரும்பும் சீட்டும் பாஸ்போர்ட்டும் அவரவர் பையிலேயே இருக்க வேண்டும். அவர் இல்லாத மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்; தினக்கூலிக்காரருக்கு இதுதான் முதல் கேள்வி. அங்கே கூட்டத்துக்கு நடுவே உட்கார வைத்து உளி பிடிக்கச் சொல்லிக் கைதட்டி அனுப்பிவிடக் கூடாது. அதற்குப் பொருட்காட்சி என்று வேறு பெயர் உண்டு. விண்ணப்பத்தைத் தமிழில் எழுத விட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்ல விட வேண்டும். என் தாத்தா நான்காம் வகுப்பு. அவருடைய சான்றிதழ்கள் எல்லாம் கடலில் மிதந்துகொண்டிருக்கின்றன.

பெண்களுக்கு இன்னும் ஒரு தடை உண்டு. பழவேற்காட்டில் பனையோலையில் கூடையும் பெட்டியும் பின்னும் பெண்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஜப்பானில் பெப்பு என்ற ஊர் மூங்கில் பின்னலுக்குப் பெயர் பெற்றது. அங்கே அதற்கென்றே ஒரு மரபுக் கைவினை நிலையம் இருக்கிறது. நம் பழவேற்காட்டு அக்கா ஒருவர் அங்கே இரண்டு மாதம் இருந்தால் இரு ஊருக்கும் லாபம். ஆனால் அவர் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? கணவர் என்ன சொல்வார்? மாமியார் என்ன சொல்வார்? இவற்றை நினைக்காமல் எழுதப்படும் எந்தத் திட்டமும் ஆண்களுக்கான திட்டமாகவே முடியும். இரண்டு மாதம் அதிகம் என்றால் மூன்று வாரம் போகட்டும். கைக்குழந்தையோடு போகட்டும். மேல்நாட்டுப் பெண் ஆராய்ச்சியாளர் குழந்தையோடு இங்கே வந்தால் நாம் வியந்து பாராட்டுகிறோமே!

தங்குவது எப்படி என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. ஆனால் அது எதிர்த்திசையில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி விலை ஏறியது. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் படகு கட்டும் முயற்சியைத் தொடங்கியது. அதில் பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லே என்பவர் பணியாற்றினார். பிளைவுட் பலகையில் சிறு படகு கட்டி, மீனவர்கள் அதைக் கடலுக்கு எடுத்துப் போய் வந்து சொல்லும் குறைகளைக் கேட்டு மாற்றி, மறுபடி மாற்றி, அவர்கள் ஏற்கும்படியான படகுகள் வந்தன. அவர் பின்னர் எழுதிய நூலின் தலைப்பே சிறிய காரியம் எவ்வளவு கடினம் என்பதைத்தான் சொல்கிறது. வடிவமைப்பாளர் கைவினைஞரிடம் மாணவராக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அதே மரியாதையோடு நம் கைவினைஞர் அங்கே மாணவராகப் போகலாம், ஆசிரியராகவும் போகலாம்.

சூசையப்பர் தச்சர் என்பது நமக்குத் தெரியும். திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடிப்போய் அங்கே தங்கியது என்றும் படிக்கிறோம். அந்த நாள்களில் அவர் என்ன செய்து பிழைத்திருப்பார்? உளியைத்தான் எடுத்திருப்பார். எகிப்தியத் தச்சர்களிடம் ஏதாவது ஒரு பூட்டோ பொருத்தோ கற்றுக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். விவிலியத்தில் அப்படி எழுதப்படவில்லை. மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

காசிமேட்டில் இன்று மரப் படகு கட்டுவோர் குறைந்துவிட்டார்கள். 2004 டிசம்பரில் சுனாமி அடித்த பின் நிவாரணமாகப் பைபர் படகுகள் ஏராளமாக வந்து, கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்தன. பெரிய படகுகளுக்கு இரும்பு வந்துவிட்டது. மீனவர் எது பாதுகாப்போ, எது மலிவோ அதைத்தான் வாங்குவார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் மாமா இருவரும் தச்சு வேலைக்குப் போகவில்லை. ஒருவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். தாத்தாவுக்கு வயது எழுபத்து நான்கு. ஒரு கண்ணில் புரை. இனி அவர் எங்கும் போகப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் வேலை கற்றவர்கள் இருவர் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நாற்பது வயதுதான் ஆகிறது.

டென்மார்க்கில் ராஸ்கில்டே என்ற ஊரில் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1962இல் கடல்நீரிலிருந்து தோண்டி எடுத்த ஐந்து பழைய கப்பல்கள் அங்கே உள்ளன. பக்கத்திலேயே ஒரு பட்டறை. அந்தக் கப்பல்களைப் போலவே பழைய கருவிகளைக் கொண்டு புதிதாகக் கட்டிக் கடலில் விட்டுப் பார்க்கிறார்கள். அப்படிக் கட்டிய பெரிய கப்பல் ஒன்று 2007ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரம் வரை போயிற்று. சென்ற மாதம் அதன் படங்களை அச்செடுத்துத் தாத்தாவிடம் காட்டினேன். நல்ல கண்ணருகே பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் போய்ப் பள்ளிப் பாடம் எழுதி முடித்து வந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பலகையெல்லாம் ரம்பத்தில அறுத்ததில்லையே. இழைப்பு ஓட்டம் வேற மாதிரி இருக்குதே."

ஆம், கோடரியால் பிளந்து எடுக்கிறார்களாம் என்றேன்.

"பொளந்தா? அதான். மரம் போற வழியிலேயே போயிருக்கான். கெட்டிக்காரன்." பிறகு விரலால் ஒரு கோட்டைத் தடவினார். "ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்குது. ரெண்டுக்கும் நடுவுல கலப்பத்துக்கு என்ன வெச்சான்? நாம பஞ்சும் குங்கிலியமும் வெப்போம். அவன் ஊர்ல பஞ்சு ஏது?"

ஆட்டு ரோமத்தைத் தாரில் தோய்த்து வைப்பார்கள் என்று படித்திருந்தேன், சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

"ரோமம் தண்ணியில ஊறுனா உப்புமா, சுருங்குமா? எத்தினி வருசத்துக்கு ஒரு தரம் மாத்துறான்? பனி பெய்யிற ஊர்ல மரம் எப்படிக் காயும்? அதெல்லாம் இதுல போட்டிருக்குதா பாரு கண்ணு."

போட்டிருக்கவில்லை.